முன் குசினிக்கு ஹூட், பின் குசினிக்கு இருமல்

ஒரு வீட்டில் சமைக்கிற ஆளிட்ட ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குகிற சாமான்களுக்குள் எதுக்கு முதலிடம் என்று கேட்டால், சீலிங்கில் பதிக்கிற புகை உறிஞ்சிக்குத்தான் நான் குடுப்பேன். கடைக்காரர் அதைச் சீலிங் ஹூட் என்பினம். அடுப்புக்கு நேர மேலே, சீலிங்கோடு ஒட்டினபடி, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற ஒரு தட்டு. அதின்ர நாலு ஓரத்திலயும் ஒரு விரல் இடைவெளி. அதுக்குள்ளால புகையை இழுக்கும். றிமோட் இருக்கும், லைற் இருக்கும். வடிவுதான், மறுக்கேல்லை.

யாழ்ப்பாணப் பக்கம் இப்ப எழும்புகிற பெரிய வீடுகளில் இது எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கோ. குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில சுவர் வேண்டாம், எல்லாம் திறந்தபடி இருக்கட்டும் என்று ஒரு படம் வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் வரும். அனுப்புகிறவர் அண்ணையாய் இருப்பார், இல்லாட்டி மாமாவாய் இருப்பார். காசும் அவற்றதான். படத்தில் அடுப்பு நடு மேசையில் இருக்கும். அடுப்புக்குப் பின்னால் சுவர் இல்லாத இடத்தில் சுவரில் பூட்டுகிற ஹூட்டைப் பூட்ட ஏலாது. மேலே இருந்து தொங்கவிட்டால் ஹோலில் இருந்து பார்க்கிறவைக்குக் கண்ணை மறைக்கும். ஆகவே சீலிங்குக்குள்ள பதி. முடிவு எடுத்தாச்சு. இந்த முழுக் கதைக்குள்ளயும் புகை என்ற சொல் ஒருக்காலும் வரேல்லை என்பதைக் கவனிச்சீங்களோ? கண்ணுக்கு எது மறைக்கும், எது மறைக்காது என்பதுதான் பேச்சு.

பிறகு குடிபூரல் முடியும். ஒரு கிழமை போகும். பின் வளவில் சுவரோடு சுவராய் ஒரு பத்தி இறக்கி, தகரம் போட்டு, மூண்டு கல்லு வைச்சு அம்மா அங்க மீன் பொரிப்பா. முன் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கும். வந்த சனம் அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தான் செய்திருக்கிறியள்" என்று சொல்லிப்போட்டுப் போகும்.

என்ர வாதம் இவ்வளவுதான். எங்கட வீடுகளுக்கும் எங்கட சமையலுக்கும் சீலிங் ஹூட் பெரும்பாலும் பிழையான தெரிவு. அதைவிடப் பெரிய பிழை, அந்த இலட்சங்களில் ஒரு பங்கைக்கூடப் பின் குசினிப் புகைக்குச் செலவழிக்காதது. இரண்டு பிழையும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகுது: புகையைச் சுவாசிக்கிற ஆள் வேற, ஹூட்டைத் தெரிவு செய்கிற ஆள் வேற.

முதலில் காற்றைப் பற்றிக் கதைப்பம். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதென்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பிறகு பதில் சொல்லுறன்.

தாச்சியில் இருந்து எழும்புகிற சூடான புகை நேராய்க் குழாய்க்குள்ள போகிற மாதிரி மேல போகாது. போகப் போக விரியும். சுத்தியிருக்கிற காற்றைத் தன்னோட சேர்த்துக்கொண்டு குளிரும். குளிரக் குளிர வேகம் குறையும். அதனால்தான் வழக்கமான ஹூட்டை அடுப்பில் இருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் பூட்டச் சொல்லுகிறார்கள். புகை விரிய முதல் பிடிச்சுப்போட வேணும். சீலிங் ஹூட்டோ அதுவாய் வந்து சேரும்வரை காத்திருக்கிற ஒன்று. பதிவான சீலிங் உள்ள வீடுகளில், அடுப்பில் இருந்து நாலு ஐஞ்சு அடிக்குள்ள இருந்தால், அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் நல்லா வெளியால நிற்கிற அளவு பெரிசாய் இருந்தால், அது தன்ர வேலையைச் செய்யும். எங்கட வீடுகளில் சீலிங் பத்து அடி. வெக்கைக்குப் பயந்து பதினொண்டு அடி வைக்கிறவையும் இருக்கினம். அடுப்பு மேசை மூண்டு அடி. மிச்சம் ஏழு, எட்டு அடி. மிளகாயை வறுத்தால் அந்த எட்டடிப் பயணத்தில் புகை எங்கெங்க போகும் எண்டதுக்கு விஞ்ஞானம் தேவையில்லை, ஹோலில் இருந்து படிக்கிற தம்பி தும்முவான்.

இதுக்குள்ள இன்னொரு சதி இருக்குது. திறந்த குசினியில் இருந்து ஆறடி தள்ளிச் சாப்பாட்டு மேசை. மேசைக்கு மேல சீலிங் ஃபேன். எங்கட காலநிலைக்கு அதை நிப்பாட்ட ஏலாது. அந்த ஃபேன் சுழலச் சுழல, மெல்ல எழும்புகிற புகைத்தூண் ஒடிஞ்சு அறை முழுக்கப் பரவும். மேலே ஹூட் இரைச்சல் போட்டுக்கொண்டு சுத்தமான காற்றை இழுக்கும். யன்னலைத் திறந்தாலும் இதே கதைதான். ஏசி போட்டு, யன்னல் எல்லாம் பூட்டி வைச்சிருக்கிற நாட்டு வீட்டுக்கு வரைஞ்ச பொருளைச் சோளகம் வீட்டுக்குள்ளால ஊடறுத்துப் போகிற ஊரில் பூட்டினால் வேற என்ன நடக்கும்?

கடையில் ஒரு வித்தை காட்டுவினம். நீங்களும் பார்த்திருப்பியள். ஹூட்டைப் போட்டுவிட்டு ஒரு ரிசு பேப்பரைக் கிட்டக் கொண்டுபோவினம். அது லபக்கென்று ஒட்டிக்கொள்ளும். "பாத்தியளோ அன்ரி, எவ்வளவு இழுவை எண்டு!" அந்த இடைவெளி ஒரு விரல் அகலம். அதுக்குள்ளால காற்று வேகமாய்த்தான் போகும். அதின்ர வாயில் என்ன வேகம் என்பது உங்களுக்குத் தேவையில்லாத செய்தி. வாயில் இருந்து ஓரடி தள்ளிப் போகவே அந்த வேகம் காணாமல் போயிடும். ஊதுகிற காற்றுத்தான் தூரம் போகும். இழுக்கிற காற்று கிட்ட மட்டும்தான். மெழுகுதிரியை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைக்கலாம், அதே தூரத்தில் நின்று மூச்சை உள்ள இழுத்து அணைச்சுப் பாருங்கோ. கடைக்குப் போகேக்கை ரெண்டு ஊதுபத்தி கொண்டு போங்கோ. அடுப்பு வைக்கிற உயரத்தில், முன் விளிம்பில் பிடியுங்கோ. புகை எங்க போகுது என்று பாருங்கோ. ரிசு பேப்பர் அண்ணை முகத்தையும் பாருங்கோ.

முன் விளிம்பு என்று காரணத்தோடதான் சொல்லுறன். கலிபோர்னியாவில் இருக்கிற லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் வீட்டு ஹூட்களைச் சோதிச்ச ஆராய்ச்சியாளர்கள் கண்டது, சுவரோடு பூட்டுகிற ஹூட்டிலகூடப் பின் அடுப்பின் புகையைப் பிடிக்கிற அளவுக்கு முன் அடுப்பின் புகை பிடிபடுகிறதில்லை என்பது. எங்கட ஆக்கள் எல்லாத்தையும் முன் அடுப்பில்தான் சமைப்பினம், கைக்கு எட்டுறது அதுதான். பொரியலைப் பின் அடுப்புக்கு மாத்துங்கோ. செலவு சதம்கூட இல்லை.

அடுத்தது பைப். இதுதான் உண்மையில் சாமான், மற்றதெல்லாம் மூடி. ஹூட் வாங்கிறம் என்று சொல்லுகிறவையில் பைப் எங்க போகுது என்று கேட்கிறவை எத்தினை பேர்? ஒரு வீட்டில் நானே சீலிங் மூடியைக் கழட்டி எட்டிப் பார்த்தனான். பைப் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் நாலடி போய், அங்கேயே நிற்குது. வெளியால போகேல்லை. செய்தவர் "மேல இடம் இருக்குத்தானே, அங்க கலைஞ்சு போயிடும்" என்றாராம். புகை கலையும், எண்ணெய் கலையாது. சட்டம், வயர், எலிக்கூடு எல்லாத்திலயும் படியும். ஒரு தீப்பொறிக்கு அதைவிட நல்ல விரிப்பு கிடையாது.

வெளியால போகிற பைப்பிலயும் கள்ள வேலை நடக்கும். ஹூட்டின் வாய் ஆறு அங்குலம், கையில இருக்கிறது நாலு அங்குலப் பைப். ஒரு குறுக்கியைப் போட்டுச் சமாளிச்சிடுவினம். ஆறுக்கும் நாலுக்கும் ரெண்டுதானே வித்தியாசம் என்று நினைக்காதேங்கோ. வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போடுங்கோ: 28 சதுர அங்குலம் இருந்த இடத்தில் 12½. பாதிக்கும் கீழ. அதோட மூண்டு முழங்கை வளைவு, சுருக்கி விரிக்கிற வெள்ளிப் பைப்பின் மடிப்புகள். பெட்டியில் மணிக்கு 1000 கன மீற்றர் என்று அடிச்சிருக்கும். அது பெரும்பாலும் பைப் ஒன்றும் பூட்டாமல், உச்ச வேகத்தில் அளந்த கணக்கு. உங்கட வீட்டில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது பைப்பின் நீளமும் வளைவும் தீர்மானிக்கிற விசயம். உச்ச வேகத்தில் ஓடுகிற இரைச்சலுக்குள்ள ஒருத்தரும் அரை மணித்தியாலம் நிற்க மாட்டினம் என்பது தனிக் கதை.

கணக்கென்று வந்தபடியால் இதையும் சொல்லிவிடுறன். மூடின ஒரு குசினி, 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. 1200 கன அடி, அண்ணளவாய் 34 கன மீற்றர். மணிக்குப் பதினைஞ்சு தரம் காற்று மாறினால் போதும் என்று வைச்சால் ஏறத்தாழ 500 கன மீற்றர் தேவை. நடுத்தர ஹூட் ஒன்று செய்யும். சுவரை உடைச்சு 30 அடிக்கு 20 அடி ஹோலோடு சேர்த்துப்போட்டால் 170 கன மீற்றர். பத்துத் தரம் மாத்தவே 1700 வேணும். சுவரை இல்லாமல் பண்ணிப்போட்டு, அந்தச் சுவர் சும்மா செய்த வேலையைச் செய்ய இலட்சம் குடுத்து மெசின் தேடுகிறம்.

பைப் போடவே வழியில்லாத இடத்துக்கு ஒரு வகை விற்கினம். காற்றை உள்ளுக்கு இழுத்து, கரி ஃபில்டருக்குள்ளால விட்டு, திரும்ப அதே அறைக்குள்ள ஊதும். மணத்தைக் கொஞ்சம் குறைக்கும். காஸ் அடுப்பில் இருந்து வருகிற காபனோரொட்சைட்டை அது ஒன்றும் செய்யாது, சோறு வடிக்கிற நீராவியையும் ஒன்றும் செய்யாது. கரியை சில மாசத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். மாத்துக் கரி இருக்கோ என்று கேட்டால், "கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தரலாம்." இந்த வகையை வாங்கிறதைவிட அந்தக் காசுக்கு ஒரு யன்னல் வெட்டலாம்.

இனிப் பின் குசினிக்கு வருவம்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் நாலில் மூண்டு பங்குக்கு மேற்பட்ட வீடுகளில் சமையல் விறகில். அதுக்குப் பிறகு காஸ் கூடினது உண்மை. ஆனால் 2021 கடைசியில் சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கின. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4860 ரூபாய்க்குப் போனது. அதுவும் வரிசையில் நின்றால், கிடைச்சால். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மாடி வீடு, ஓட்டு வீடு என்று பாராமல் சனம் விறகுக்குத் திரும்பினது எங்கட வயசு ஆக்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அண்டைக்குச் சீலிங் ஹூட் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. புகைக்கூடு இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும்தான் வித்தியாசம்.

எங்கட பழைய குசினிகளில் புகைக்கூடு இருந்தது. அடுப்புக்கு மேல அகலமாய்த் தொடங்கி, ஒடுங்கி, கூரையைத் தாண்டி நிற்கும். மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை. சூடான காற்று மேல போகும் என்ற ஒரு விசயத்தை வைச்சுக்கொண்டு வேலை செய்தது. புது வீடு கட்டேக்கை முதல் வெட்டு விழுகிறது அதுக்குத்தான். "அதெல்லாம் பழசு, ஹூட் போடுறம்தானே." ஹூட் முன்னால போய்விட்டது, அடுப்பு பின்னால வந்துவிட்டது, நடுவில் புகைக்கூடு செத்துப்போச்சு. பழைய பத்தாவது நாலு பக்கமும் திறந்து கிடந்தது. இப்பத்தைய பத்தி, வீட்டுச் சுவரும் மதிலும் தகரமுமாய், புகைக்குப் போக வழியே இல்லாத ஒரு பெட்டி. அதுக்குள்ள குனிஞ்சு நின்று ஊதுகுழலால ஊதுகிற ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில், வீட்டுக்குள்ள எரிக்கிற எரிபொருளின் புகையால் 2020 இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் செத்திருக்கினம். மாரடைப்பு, பாரிசவாதம், சுவாசப்பை நோய்கள், சின்னப் பிள்ளையளுக்கு நியூமோனியா. எங்கட வீடுகளில் இதுக்குப் பேர் "அம்மாவுக்கு எப்பவும் ஒரு முட்டு." பனிக்காலம் என்பினம், தூசி என்பினம், வயசு என்பினம். சிகரெட் குடிக்காத மனுசிக்கு ஏன் அந்த இருமல் என்று கேட்கிறது மட்டும் இல்லை.

"விறகடுப்பில சமைச்சாத்தான் ருசி" என்கிற ஆண்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். ருசி உண்மை. அப்ப நீங்களே போய் அந்த அடுப்பு முன்னால ஒரு மணித்தியாலம் குந்துங்கோ. "அவவுக்குப் பழகிட்டுது" என்கிற ஆக்களுக்கு: கண் பழகும், சுவாசப்பை பழகாது. "அவதான் முன் குசினி பாழாப் போயிடும் எண்டு பின்னால போறா" என்பதும் சொல்லுவினம். அது உண்மைதான். ஏன் போறா? வெள்ளை ரைல்ஸில் எண்ணெய் படிஞ்சால் துடைக்கிறதும் அவ. இலட்சம் குடுத்துப் பூட்டின ஹூட்டால பிடிக்க ஏலாத எண்ணெயை, அவ தன்ர நெஞ்சால பிடிக்கிறா.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021 இல் வந்தபோது எங்கட பக்கத்துப் பெடியளும் பெட்டையளும் எவ்வளவு எழுதினம்! அந்தப் படத்தில் தொட்டிக்குக் கீழ ஒழுகுகிற பைப் ஞாபகம் இருக்கோ? ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று புருசன் நாளுக்கு நாள் மறந்துகொண்டே இருப்பார். அந்தப் பைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதின நாங்கள், எங்கட வீட்டுக் குசினிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மூடி மூண்டு வருசமாய்ச் சுத்தாமல் நிற்கிற எக்ஸோஸ்ட் ஃபேனைப் பார்த்தமா? பீடத்தில் உடலரசியல் என்று கதைப்பம், குசினி ஒரு அதிகார வெளி என்று கட்டுரை வைப்பம். அதிகார வெளி என்றால், அந்த வெளியின் காற்று எந்தப் பக்கத்தால வெளியேறுது என்ற கேள்வியும் அதுக்குள்ள அடங்கும். அதைப் பொறியியல்பீடத்துக்கு விட்டுக்குடுத்தால் அவை ஹோலில் இருந்து பார்த்துத்தான் வரைவினம். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு என்ன வேலை என்றதுக்கு என்ர பதில் இது.

சரி, அப்ப என்னதான் வாங்கிறது? கட்டுகிற வீடு என்றால் அடுப்பை நடு மேசையில் இருந்து எடுத்து வெளிச்சுவரோடு வையுங்கோ. படத்தில் வடிவு குறையும், குறையட்டும். அந்தச் சுவரில் ஒரு சாதாரண ஹூட், அடுப்பைவிட அகலமாய், இரண்டரை அடி உயரத்தில். குனிஞ்சு வளையாத நேர்ப் பைப், ஆறு அங்குலம், சுவரைத் துளைச்சு நேராய் வெளியால. வலை ஃபில்டரைவிட மடிப்புத் தகடு ஃபில்டர் நல்லம், சவர்க்காரத் தண்ணியில் ஊறவைச்சுக் கழுவலாம். கழுவுகிறது யார் என்பதையும் வாங்க முதலே முடிவெடுங்கோ. வாஸ்துப்படி குசினி அக்கினி மூலையில் வந்தால் வெளிச்சுவர் தெற்கும் கிழக்கும். தெற்கில் ஓட்டை போட்டால் சோளகம் மூஞ்சியில் அடிக்கும், கிழக்கில் போட்டால் வாடை அடிக்கும். எந்தப் பக்கம் என்றாலும் வாயில் ஒரு தொப்பியும், காற்று திரும்பி வராமல் மூடுகிற தட்டும் வேணும். சுவரே இல்லாத இடத்தில் அடுப்பு ஏற்கனவே வந்துவிட்டது என்றால், சீலிங்கில் இருந்து கீழ இறங்கித் தொங்குகிற ஹூட்டைப் போடுங்கோ. கண்ணை மறைக்கும் என்பினம். மறைக்கட்டும்.

காசு மட்டு என்றால் ஹூட்டே வேண்டாம். அடுப்புக்கு மேல வெளிச்சுவரில் உயர ஒரு நல்ல எக்ஸோஸ்ட் ஃபேன், எதிர்ப் பக்கம் கீழ காற்று வர ஒரு யன்னல். உள்ள வர வழி விடாமல் வெளியால தள்ளச் சொன்னால் எந்த ஃபேனும் முழி பிதுங்கும்.

வீட்டோடு சேர்ந்த விறகடுப்பும் புகைக்கூடும் இருக்கிற ஆக்கள் ஒன்றைக் கவனியுங்கோ: கதவு யன்னல் பூட்டி, முன்னால பெரிய ஹூட்டைப் போட்டால் அது வீட்டுக் காற்றை இழுக்க, புகைக்கூட்டால போகவேண்டிய புகை திரும்பி உள்ள வரும். ரெண்டையும் ஒரே நேரத்தில் பாவிக்கிறதென்றால் யன்னல் திறந்திருக்க வேணும்.

பின் குசினிக்கு என்று ஒதுக்குகிற காசில் முதல் வேலை புகைக்கூடு. அடுப்பைவிட அகலமான வாய், உள்பக்கம் அழுத்தமான பூச்சு, கூரை முகட்டைவிட உயரம். இடத்துக்கு இடம் ஒடுக்காதேங்கோ, ஒடுங்கினால் புகை திரும்பும். சந்தையில் கிடைக்கிற அனகி மண் அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும், நல்லது, வாங்குங்கோ. ஆனால் அதுக்குப் புகை போக்கி இல்லை, ஆகவே மேல கூடு வேணும்தான். அம்மாவை நிற்கவைச்சு உயரம் பார்த்து அடுப்பு மேடை கட்டுங்கோ, குந்தியிருந்து ஊதுகிறது முடியட்டும்.

மேசனிட்ட இதைச் சொன்னால், "தங்கச்சி, புகைக்கூடு வைச்சா வீட்டின்ர முகப்பு கெட்டுப்போம்" என்பார். பின்பக்கத்தில் முகப்பு எங்க இருக்கெண்டு அவரிட்டக் கேளுங்கோ.